சொல்லாத வீட்டுக்கு வராத குளிர்

இதை எனக்கு முதன்முதலில் சொன்னது என் மூத்த மகளின் மாமியார் பேச்சியம்மாள். மகளுக்குத் தலைப்பிரசவம், திருநெல்வேலியில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் அவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளேயிருந்து சத்தம் வரும்போதெல்லாம் நான் முருகா முருகா என்று முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "சம்பந்தி, எங்க தெருவுக்கு டில்லிக் குளிர் வந்த கதையைச் சொல்றேன், கேளுங்க" என்று ஆரம்பித்தார்கள். நேற்று காய்கறி என்ன விலை என்று சொல்கிற அதே குரலில்தான் சொன்னார்கள், அதனால் நானும் அப்படியே கேட்டுக்கொண்டேன்.

கோவில்பட்டியில் அவர்கள் தெருவில் ஒரு வீடு, அதை ஒன்று என்றும் சொல்லலாம், இரண்டு என்றும் சொல்லலாம். அண்ணன் தவசிமுத்தும் தம்பி குருசாமியும் பாகம் பிரித்துக்கொண்டபோது நடுவில் ஒரு சுவர் எழுப்பினார்கள். ஆம்பளைகள் பிரித்தார்களே தவிர அவர்கள் பெண்டாட்டிமார் இரண்டு பேரும் பிரியவில்லை. மூத்தவள் செண்பகவல்லியும் இளையவள் இந்திராணியும் கொத்தனார் பக்கத்தில் சேர்ந்து நின்று, அடுக்களைக்கு நேராக ஒரு செங்கல் அளவு பொந்து விடச் சொன்னார்கள். அந்தப் பொந்து வழியாகக் குழம்புக் கிண்ணம் போகும், தீப்பெட்டி வரும், ஒருத்தி கண்ணில் தூசி விழுந்தால் மற்றவள் ஊதிவிடக்கூட அந்தப் பொந்துதான். யார் வெளியூர் போனாலும், வீட்டைப் பூட்டுவதற்கு முன்னால் இரண்டாவது சாவியைப் பொந்து வழியாக நீட்டி, "போயிட்டு வாரோம்" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். சினிமாவுக்குப் போனாலும் அப்படித்தான், சாவுக்குப் போனாலும் அப்படித்தான்.

செண்பகவல்லி வீட்டில் கடலை மிட்டாய் போடுவது தொழில். பின்கட்டு அடுப்பில் எப்போதும் வெல்லப்பாகு கொதித்துக்கொண்டிருக்கும், அவள் நீளக் கரண்டியோடு நிற்பாள், அந்த வீட்டுக்குச் சித்திரையும் ஒன்றுதான், தையும் ஒன்றுதான். குருசாமிக்குத் தபால் ஆபீசில் வேலை. சர்க்கார் வேலையில் இருக்கிறவர்களுக்குச் சில வருஷத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு ஊர் சுற்றிப் பார்க்கப் பயணச் செலவு கொடுப்பார்கள் அல்லவா, அந்தப் புரட்டாசியில் அவருக்கு அந்தச் சலுகை வந்தது. எங்கே போகலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் மகள் தர்சினியும் கூடி உட்கார்ந்து பேசி, டில்லி என்று முடிவானது. அந்தச் சலுகையில் பெண்டாட்டி போகலாம், பிள்ளை போகலாம், அண்ணன் பெண்டாட்டி போக முடியாது.

இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று இந்திராணிக்கு வாய் வரவில்லை. அதோடு இன்னொரு பயமும் இருந்தது. முன்னொரு தடவை குற்றாலம் போகிறோம் என்று பொந்து வழியாகச் சொன்னபோது, அக்கா ஒரு பெருமூச்சு விட்டாள். கெட்ட எண்ணத்தில் விட்டதில்லை, அடுப்படியில் நிற்கிறவள் விடுகிற மூச்சுதான். ஆனால் பஸ் கழுகுமலையைத் தாண்டுவதற்குள் நின்றுபோனது, அருவியில் தண்ணீரும் இல்லை. குற்றாலத்துக்கே அந்தப் பெருமூச்சு என்றால் டில்லிக்கு எவ்வளவு பெரிதாக வருமோ என்று நினைத்த இந்திராணி, ஒரு பழைய பாவாடையைச் சுருட்டிப் பொந்தை அடைத்துவிட்டாள். எலி வருகிறது அக்கா என்று சொல்லிவிட்டாள்.

மூன்று பேருக்கும் ஸ்வெட்டர் வாங்கி வந்து பீரோவில் வைத்த அன்றைக்கு அவர்கள் வீட்டில் குளிர ஆரம்பித்தது. புரட்டாசி வெயில் தெருவில் தார் உருக அடிக்கிறது, உள்ளே மட்டும் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்து நிற்கிறது. குருசாமி மின்விசிறியை நிறுத்திவிட்டு, டில்லியில் இப்படித்தான் இருக்கும், பழகிக்கொள்வோம் என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் ஆராயவில்லை.

ஆனால் ஒரு ரகசியத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது. இந்திராணி முதலில் எதிர்வீட்டுத் தையல்காரி ஜெயசீலியிடம் சொன்னாள், அக்காவிடம் மட்டும் சொல்லிவிடாதே என்று சேர்த்துச் சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் ஜெயசீலி வீட்டுக்குள்ளும் குளிர் போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்து பேச்சியம்மாளிடம் சொன்னாள், அங்கேயும் போனது. யாரிடமெல்லாம் அவள் வாயால், டில்லிக்குப் போகிறோம், அக்காவுக்குத் தெரிய வேண்டாம் என்று சொன்னாளோ, அந்த வீட்டுக்கெல்லாம் குளிர் நடந்து போனது. சொல்லாத வீட்டு வாசலை அது மிதிக்கவில்லை.

தெரு அதை எப்படி எடுத்துக்கொண்டது என்கிறீர்கள். வராத விருந்தாளி வந்தால் பாயைத் தட்டிப் போடுவது மாதிரி எடுத்துக்கொண்டது. பூக்காரி மாடத்தி மல்லிகைக் கூடையை ஜெயசீலி வீட்டில் வைத்துவிட்டு மத்தியானம் தூங்கப் போனாள், சாயங்காலம் வந்து பார்த்தால் மொட்டு மொட்டாகவே இருந்தது. பால்காரர் பாலை அங்கே வைத்தார், கல்யாணத்துக்கு வெட்டிய வாழை இலையை ஒருவர் கொண்டுவந்து வைத்தார், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் டியூஷனைப் பேச்சியம்மாள் வீட்டுக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். கிழவர்கள் காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, டில்லியையே ஆள்கிறவர்கள் போல உட்கார்ந்து பேசினார்கள். அதற்குள் மேட்டிமையும் வந்துவிட்டது. எங்களுக்கு முதலிலேயே சொல்லிவிட்டாள், எங்கள் வீட்டில்தான் புகை மாதிரி மூச்சு வருகிறது என்று ஜெயசீலி சொல்லிக்கொண்டாள். கடைசியாகச் சொல்லப்பட்டவர்களுக்கு ஆறின குளிர்தான் வந்தது என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். இன்னும் சொல்லப்படாதவர்கள் உப்பு வாங்குகிற சாக்கில் இந்திராணி வீட்டுப் படியேறி, அப்புறம், வேற என்ன விசேஷம் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த தெருக்காரர்கள், உங்கள் தெருவுக்கு மட்டும் என்ன அப்படி என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

இப்படியாகத் தெரு முழுக்கக் குளிர்ந்து, ஒரே ஒரு வீடு மட்டும் வெந்துகொண்டு நின்றது. அந்த ஒரு வீட்டில் மட்டும் மின்விசிறி ஓடியது. அந்த வழியாகப் போகிற யார் வேண்டுமானாலும், செண்பகவல்லிக்கு இன்னும் சொல்லவில்லை என்பதை அவள் வாசலில் நின்று கையை நீட்டிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

அவளுக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள். மாடத்தி ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், "உன் ஓரகத்தி டில்லி போறாளாம்க்கா" என்று சொல்லிவிட்டு, அந்த வீட்டுக்குள் குளிர் வருகிறதா என்று நின்று பார்த்தாள். வரவில்லை. பால்காரர் சொன்னார், வரவில்லை. தர்சினி கூட, பெரியம்மா மிட்டாய் உடைக்கும்போது பக்கத்தில் வந்து நின்று காதோடு சொன்னாள். பெரியம்மாவின் காது மட்டும் கொஞ்ச நேரம் சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். யார் சொன்னாலும் அது வராது. வரவேண்டியது இந்திராணி வாயிலிருந்து.

செண்பகவல்லி அன்றிலிருந்து வேறு எதையுமே நினைக்கவில்லை. டில்லி வேண்டும் என்று அவள் கேட்கவில்லை, ரயில் வேண்டும் என்று கேட்கவில்லை. பூக்காரிக்குச் சொன்னவள், பால்காரருக்குச் சொன்னவள், உப்பு வாங்க வந்தவளுக்கெல்லாம் சொன்னவள், எனக்கு ஏன் சொல்லவில்லை என்கிற ஒன்று அவள் நெஞ்சில் பாகு மாதிரி கொதித்துக் கொதித்துக் கெட்டியானது. யாராவது குளிரில் சிவந்த மூக்கோடு எதிரே வந்தால் அவளுக்கு அடிவயிறு எரியும். கூப்பிட்டவர்கள் வீட்டுக்கும் போகமாட்டாள். "எங்களுக்கு வெயில் போதும், எங்க வீட்டு வெயில் யாருக்கும் ஒளிச்சு வரல" என்பாள். கோவிலுக்குப் போனால், அம்மன் முன்னால் நின்று, அவர்கள் டிக்கெட் காத்திருப்பிலேயே கிடக்கட்டும் தாயே என்று வேண்டுவாள், பிரகாரம் சுற்றி வருவதற்குள் மனசு கேட்காமல், பிள்ளை ஆசைப்படுகிறதே, போகட்டும் என்று வேண்டுவாள், செருப்பு மாட்டும்போது மறுபடி முதல் வேண்டுதலுக்கு வந்துவிடுவாள். அம்மனும்தான் என்ன செய்வாள், பாவம்.

ஐப்பசி போய்க் கார்த்திகை வந்தது. குளிர் கூடிய வீடுகளில் இட்லி மாவு புளிக்கவில்லை, வற்றல் காயவில்லை, துவைத்த துணி மூன்று நாளானாலும் ஈரமாகவே கிடந்தது. அப்போதுதான் தெருவுக்குச் செண்பகவல்லி வீட்டின் அருமை தெரிந்தது. மாவுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். அவள் வேண்டாம் என்று யாரையும் சொல்லவில்லை. அடுப்பைச் சுற்றிச் சட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டாள், ஆனால் அவர்கள் சேலையிலிருந்து வருகிற குளிர் மணத்தை முகர்ந்து முகர்ந்து வெந்துபோனாள்.

அதில் ஒரு தூக்குச் சட்டியை ஜெயசீலி தன்னுடையது என்று சொல்லி வைத்துவிட்டுப் போனாள். செண்பகவல்லி அதைத் திருப்பிப் பார்த்தாள். கழுத்தில் புள்ளி புள்ளியாக ஆவுடையம்மாள் என்று பெயர் வெட்டியிருந்தது. அது அவர்கள் மாமியார் பெயர். பாகம் பிரித்தபோது அந்தச் சட்டி இந்திராணி பக்கம் போனது. மாவைக்கூட அடுத்தவள் கையில் கொடுத்து அனுப்புகிற அளவுக்கு ஆகிவிட்டதா என்று அதை அடுப்பை விட்டுத் தள்ளி மூலையில் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, தர்சினி பள்ளிக்கூடத்துக்கு என்ன தின்றுவிட்டுப் போவாள் என்று மறுபடி அடுப்போரம் இழுத்து வைத்தாள். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள், உப்பு இல்லை. இந்திராணிக்கு எப்போதும் அந்த மறதி உண்டு, எப்போதும் அக்காதான் போடுவாள். அன்றைக்கு அவள் போடவில்லை. நன்றாகப் பொங்கின, உப்பில்லாத மாவைத்தான் திருப்பி அனுப்பினாள். மறுநாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் குருசாமி இட்லியை வாயில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்த அந்த மௌனம் இந்தப் பக்கம் அவளுக்கு நன்றாகவே கேட்டது.

நாள் நெருங்க நெருங்க அங்கே திட்டம் நீண்டது. குருசாமிக்குப் பாராளுமன்றத்தைப் பார்க்க வேண்டும், இந்திராணிக்கு அங்கே மலைமேல் இருக்கிற முருகன் கோவிலில் அர்ச்சனை செய்ய வேண்டும், தர்சினிக்கு மெட்ரோ ரயிலில் காரணமே இல்லாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். குதுப்மினார் சேர்ந்தது, செங்கோட்டை சேர்ந்தது, ஒரு நாள் ஆக்ரா போய் வரலாம் என்று தாஜ்மஹால் சேர்ந்தது, ஒவ்வொன்று சேரச் சேரக் குளிரும் ஒரு பிடி கூடியது. இந்தப் பக்கம் செண்பகவல்லி வேண்டுமென்றே விறகைக் கூட்டி எரித்தாள். ஒரு பக்கம் நெருப்பும் ஒரு பக்கம் பனியுமாக நடுவில் மாட்டிக்கொண்ட சுவர் வேர்த்தது, வேர்த்து வழிந்தது, காரை பெயர்ந்து விழுந்தது. பிரித்துவிட்ட சுவர் அழுகிறது என்று தெருவில் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். செண்பகவல்லி ஆளில்லாத நேரம் பார்த்து, பாவாடை அடைத்த பொந்தில் கன்னத்தை வைத்துக்கொள்வாள். துணி ஊறி ஈரமாக இருக்கும். அப்படி ஒரு நாள் கன்னத்தை வைத்திருந்தபோதுதான் இந்திராணி சொன்னது கேட்டது, இரண்டாவது சாவியை ஜெயசீலியிடம் கொடுத்துவிட்டேன் என்று.

அன்றைக்குச் செண்பகவல்லி பாகைக் கரிய விட்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் பாகைக் கரிய விட்டது அந்த ஒரு நாள்தான். தவசிமுத்து சட்டியைப் பார்த்தார், பெண்டாட்டி முகத்தைப் பார்த்தார், சட்டியைத் தேய்க்கப் போட்டார்.

டிக்கெட் உறுதியாகி, மார்கழியில் அரையாண்டு லீவு விட்ட அன்று மத்தியானம் கிளம்பினார்கள். குருசாமி, ஸ்டேஷன் மாஸ்டர் வருவதற்கு முன்னால் ஸ்டேஷனுக்குப் போகிற ஆள், சாயங்கால ரயிலுக்கு மத்தியானச் சாப்பாட்டை அவசர அவசரமாக முடிக்க வைத்தார். வாசலில் ஆட்டோ நின்றது. பெட்டியை ஏற்றும்போதே தெருவில் பனி இறங்கிவிட்டது. டில்லியில் விமானத்தையெல்லாம் நிறுத்திவைக்கும் என்பார்களே, அந்தப் பனி. பட்டப்பகலில் விளக்கைப் போட்டார்கள், சைக்கிள்காரர்கள் மணியடித்துக்கொண்டே தள்ளிக்கொண்டு போனார்கள். ஆட்டோ கிளம்பி, முக்கில் திரும்பி, பெரிய ரோட்டில் ஏறி, ஸ்டேஷன் வந்துவிட்டது இறங்குங்கள் என்று ஆட்டோக்காரர் நிறுத்தினார். இறங்கிப் பார்த்தால் அவர்கள் வீட்டு வாசல். வழி தவறிவிட்டது, பனிதானே என்று மறுபடி போனார்கள். இந்தத் தடவை இந்திராணி தலையை வெளியே நீட்டி ஒவ்வொரு கடையாகப் பெயர் வாசித்துக்கொண்டே வந்தாள். மறுபடியும் வீட்டு வாசல்தான். மீட்டர் கணக்குப்படி நான் மதுரைக்கே போயிருக்கணும் என்றார் ஆட்டோக்காரர். தெருக்காரர்கள் வாசலில் நின்று, டில்லி பார்த்துவிட்டு வந்துவிட்டீர்களா என்று கேட்டார்கள். தர்சினி அழ ஆரம்பித்தாள்.

அடுத்த முறை ஆட்டோக்காரருக்கு எதுவுமே தெரியவில்லை. பனிக்குள் சிவப்பாக ஒரே ஒரு வெளிச்சம் மட்டும் தெரிந்தது, அதுதான் ஸ்டேஷன் சிக்னல் என்று அதைப் பார்த்து ஓட்டினார். வெளிச்சம் கிட்டே வந்ததும் பார்த்தால் அது செண்பகவல்லியின் அடுப்பு. ஆட்டோ அவள் பின்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது. அவள் கரண்டியோடு நின்று கிளறிக்கொண்டிருந்தாள், நெற்றியில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது.

இந்திராணி இறங்கினாள். ஸ்வெட்டரும் மப்ளருமாக அவளைப் பார்க்க யாரோ மாதிரி இருந்தது.

"யாரது?"

"நாந்தான்க்கா."

"நாந்தான்னா யாரு? மிட்டாய் வாங்கவா?"

இந்திராணி ஒரு எட்டு முன்னால் வந்தாள். பிறகு மப்ளரை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, "டில்லிக்குப் போறோம்க்கா" என்றாள்.

செண்பகவல்லி திரும்பவில்லை, கிளறிக்கொண்டே இருந்தாள். ஆனால் அவள் நெற்றி வேர்வை அப்படியே நின்றுவிட்டது.

"எங்க?"

"டில்லிக்கு."

"அப்படியா. எப்ப?"

"இன்னைக்குத்தான். இந்தா, இப்ப."

"யார் யாரு போறீங்க?"

தெருவுக்கே தெரிந்ததை, தனக்கும் முழுக்கத் தெரிந்ததை, ஒன்றுமே தெரியாதவள் போல ஒவ்வொன்றாகக் கேட்டாள். எங்கே தங்குவீர்கள், பிள்ளைக்குச் சோறு கிடைக்குமா, கோவில் இருக்கிறதா, செங்கோட்டை என்றால் நம் செங்கோட்டை மாதிரி ஊரா என்றெல்லாம் கேட்டாள். இந்திராணி நின்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். ஒவ்வொரு பதிலுக்கும் அடுப்படிக்குள் குளிர் ஒரு அடி வைத்தது. முதலில் கால் சில்லிட்டது, பிறகு கை, பிறகு சட்டியில் இருந்த பாகு அப்படியே உறைந்து கரண்டி நட்டுக்க நின்றது. ஒரு சட்டிப் பாகு போயிற்று. அவள் அதைப் பார்க்கவே இல்லை. குருசாமி ஆட்டோவிலிருந்து, "மதினி, ரயிலு" என்றார். "இருங்க கொழுந்தனாரே, இவ்வளவு நாள் இருந்தீங்கள்ல" என்றாள்.

"அந்தக் குதுப்மினாரு எம்புட்டு உசரமாம்?"

"தெரியலக்கா. பாத்துட்டு வந்து உங்கிட்டதான் சொல்லணும்."

அதற்குப் பிறகுதான் அவள் கேட்டாள்: "சாவி?"

இந்திராணி தலையைக் குனிந்துகொண்டாள். பனிக்குள்ளிருந்து ஜெயசீலி குரல் வந்தது. "இந்தாங்கக்கா, என்கிட்ட இருக்கு. வச்சிருக்கவே கை வெறைக்குது, வாங்கித் தொலைங்க." சாவியை நீட்டிக்கொண்டு வந்தாள்.

செண்பகவல்லி கையை நீட்டவில்லை. "எனக்கு இப்படி வேண்டாம்," என்றாள். "குடுக்கிற வழியாக் குடு."

இந்திராணி சாவியை வாங்கிக்கொண்டு சுற்றிப் போய், பூட்டிய வீட்டைத் திறந்து, அடுக்களைக்குப் போய், ஊறிப்போயிருந்த பாவாடையைப் பொந்திலிருந்து உருவினாள். சாவியை நீட்டினாள். அந்தப் பக்கம் வாங்க வந்த கையும் இந்தப் பக்கம் கொடுத்த கையும் ஒரே மாதிரிக் குளிர்ந்திருந்தன.

"போயிட்டு வாரோம்க்கா."

செண்பகவல்லிக்குத் தொண்டை வரைக்கும் அந்தப் பெருமூச்சு வந்தது. குற்றாலத்துக்கு விட்டதைப் போல நூறு மடங்கு. அவள் அதை விடவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டு நின்று, ஆட்டோ சத்தம் முக்கைத் தாண்டுகிறவரை பொத்தியபடியே இருந்தாள். ஆட்டோவுக்குப் பின்னால், பசுவின் பின்னால் கன்று போவது மாதிரி, தெருவில் கிடந்த பனி முழுவதும் எழுந்து போனது. அவர்களுக்கு ரயில் கிடைத்தது. சாயங்காலத்துக்குள் தெருவில் எல்லா வீட்டிலும் மின்விசிறி ஓட ஆரம்பித்துவிட்டது, கிழவர்கள் காதுத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்கள், மாடத்தியின் மொட்டெல்லாம் ஒன்றாக மலர்ந்துவிட்டது.

செண்பகவல்லி தினமும் விளக்கு வைக்க அந்த வீட்டைத் திறந்தாள். குளிர் கொஞ்சமாவது மிச்சம் இருக்கும் என்று மூலை மூலையாகப் போய் நின்று பார்த்தாள், பீரோவைத் திறந்து ஸ்வெட்டர் இருந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தாள். வெறும் கோவில்பட்டி வெயில்தான் இருந்தது. தெருவெல்லாம் மாதக்கணக்கில் அனுபவித்ததை நமக்கு ஒரு சட்டிப் பாகு உறைகிற நேரத்துக்குத்தான் கொடுத்தாளே என்று அவளுக்கு மறுபடி வயிறு எரிந்தது. வீட்டுக்கு வந்து அந்தக் கோபத்தில் பொந்துக்குள் கையை விட்டாள். அங்கே இருந்தது. ஒரு செங்கல் அளவு குளிர், உள்ளங்கை கொள்கிற அளவு. அது போகவே இல்லையாம். இப்போதும் இரண்டு பேரும் அதில்தான் தயிர்க் கிண்ணத்தை வைக்கிறார்களாம், பேச்சியம்மாளே கையை விட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

டில்லியிலிருந்து போன் வந்தது. இந்திராணி சொன்ன முதல் வார்த்தை, நம்ம வீட்டுக் குளிர் மாதிரி இங்க இல்லக்கா என்பதுதான். பக்கத்தில் தர்சினி, பெரியம்மா, குதுப்மினார் ரொம்ப உசரம், அண்ணாந்தால் கழுத்து வலிக்கிறது என்று கத்தினாள்.

"அப்போ பொறாமை போயிருச்சா, சம்பந்தி?" என்று நான் கேட்டேன். "எங்க போகும்," என்றார்கள் பேச்சியம்மாள். "அடுத்த தடவை அந்தமானாம், முதல்ல அவகிட்டதான் சொன்னாங்க. சொன்ன அன்னைக்கே அவ அடுக்களையில உப்புக் காத்து. அதுக்கும்தான் எரியுதாம் அவளுக்கு, என்னையும் கூட்டிட்டுப் போகலையேன்னு." அதற்குள் நர்ஸ் வந்து பெண் குழந்தை என்றாள், முருகா என்று நான் எழுந்துவிட்டேன்.

இவ்வளவும் உங்களிடம் எதற்குச் சொல்கிறேன் என்றால், என் சின்ன மகனுக்கு இப்போது டில்லியில் வேலை. ஒரு தடவை வந்து எல்லாம் சுற்றிப் பார் அம்மா என்று டிக்கெட் அனுப்பியிருக்கிறான். நாளைக் காலை ரயில். அக்கம்பக்கத்தில் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை, சுவரை ஒட்டி இருக்கிற உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். இந்தாருங்கள், இந்தச் சாவியைக் கொஞ்சம் வைத்திருங்கள்.